படி ஏற மறுத்த பையன்

குழந்தைகளுக்கான பிசியோதெரபியில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல், ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள். இங்கே எழுதப்போகும் பையனை ஒன்றரை வயதில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவான். இரண்டரை வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தான். ஐந்து வயதில் படி ஏறினான். ஏழு வயதில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். அந்தப் பொத்தானுக்காக மட்டும் நானும் அவனும் எட்டு மாதம் உழைத்தோம்.

ஒன்பதாவது வயதில் அவன் படி ஏற மறுத்தான்.

"சோம்பேறி ஆயிட்டான் மேடம். தூக்கச் சொல்லி அடம் பிடிக்கிறான்" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவது உண்டு. அன்றைய குறிப்பில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதையே எழுதினேன். மூன்றாவது வாரம் சட்டையை மாட்டிவிட்டுக் கைகளைத் தொங்கப்போட்டு நின்றான். "பொத்தான் போடு கண்ணா" என்றேன். முயன்றான். விரல்கள் பொத்தானைத் தேடின, பிடித்தன, நழுவவிட்டன. அவன் முகத்தில் அடம் கொஞ்சம்கூட இல்லை. குழப்பம்தான் இருந்தது.

அவனைப் படுக்க வைத்து முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கால் துள்ளி எழுந்தது. பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கி அழுத்திப் பிடித்தேன். என் உள்ளங்கையில் அது தானாகவே துடித்தது, ஐந்து முறை, ஆறு முறை. குளோனஸ் என்போம் இதை. இந்தப் பிள்ளைகளின் தசைகள் பிறப்பிலிருந்தே தளர்வானவை. அவன் கால்களை எனக்கு ஏழரை ஆண்டுகளாகத் தெரியும்; ஈரத்துணி மாதிரி குழைந்து கிடக்கும் கால்கள். அவை விறைக்கின்றன என்றால் மூளையிலிருந்து வரும் கட்டளை வழியில் எங்கோ நசுங்குகிறது. பயிற்சியை அங்கேயே நிறுத்தினேன். கழுத்து அசையாமல் பட்டை போட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பினேன்.

அந்த மூன்று வாரம் இன்னும் எனக்கு உறுத்துகிறது. கழுத்தை மடக்கிக் குட்டிக்கரணம் அடிக்கும் முன் உருளல் பயிற்சியைக்கூட நான் நிறுத்தியிருக்கவில்லை. அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்ததும் 'டவுன் சிண்ட்ரோம் அப்படித்தான்' என்ற பதில் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். வேறொரு பிள்ளை ஒரே மாதத்தில் படி ஏறுவதையும் பொத்தான் போடுவதையும் மறந்திருந்தால் முதல் நாளே பதறியிருப்பேன்.

கழுத்தின் உச்சியில் என்ன நடக்கிறது என்பதை நான் பெற்றோருக்கு என் கையால்தான் காட்டுவேன். முதல் கழுத்தெலும்பு ஒரு வளையம். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலே நீண்டு அந்த வளையத்துக்குள் நிற்கும். அந்த முளையை அச்சாக வைத்துத்தான் நாம் தலையை இடமும் வலமும் திருப்புகிறோம். முளை பின்பக்கம் நகராமல் ஒரு நார் குறுக்கே இழுத்துப் பிடித்திருக்கும். அந்த நாருக்குப் பின்னால் தண்டுவடம் இறங்குகிறது. டவுன் சிண்ட்ரோமில் உடலெங்கும் உள்ள நார்கள் நெகிழ்ந்திருக்கும். இந்த நாரும் அப்படித்தான். சில பிள்ளைகளுக்கு முளையே சரியாக உருவாகாமல் தனித்துண்டாக இருக்கும். தலை குனியும்போது வளையம் முன்னால் வழுக்குகிறது, தண்டுவடத்துக்கான இடம் குறுகுகிறது.

குழந்தைகளுக்கு வளையத்துக்கும் முளைக்கும் நடுவே 5 மி.மீ. வரை இடைவெளி இருப்பதை ஏற்றுக்கொள்கிறார்கள். தலையை நேராக வைத்து எடுத்த எக்ஸ்ரேயிலேயே இவனுக்கு 8 மி.மீ. இருந்தது. கழுத்தை மடக்கி நீட்டிப் பார்க்கும் எக்ஸ்ரேக்கு இனித் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடம் அந்த இடத்தில் இடுப்பு ஒடுங்கினாற்போல் தெரிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு பிள்ளையைச் சொல்ல வேண்டும். அதே ஆண்டு என்னிடம் வந்துகொண்டிருந்த ஆறு வயதுப் பெண். வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் அவளுக்கு 6 மி.மீ. இடைவெளி. ஓடுகிறாள், குதிக்கிறாள், நரம்புப் பரிசோதனை எல்லாம் சரி. எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தைச் சுற்றித் தாராளமாக இடம் இருந்தது. அவளுக்கு அறுவை வேண்டாம், கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் 100க்கு 10 முதல் 20 பேருக்கு இந்த நெகிழ்வு எக்ஸ்ரேயில் தெரியலாம். தண்டுவடம் அழுந்தி அறிகுறி வருவது 1 அல்லது 2 பேருக்குத்தான். 1983ல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் போட்டியாளர்களுக்குக் கழுத்து எக்ஸ்ரேயைக் கட்டாயமாக்கியது. பிறகு வந்த ஆண்டுகளில், எக்ஸ்ரேயை மட்டும் வைத்து யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது தெளிவானது. அறிகுறி இல்லாத பிள்ளைகள் எல்லோருக்கும் வழக்கமாக எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் பெற்றோரிடம் அறிகுறிகளைக் கேளுங்கள் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கேட்க வேண்டியது எங்கள் வேலை என்று அர்த்தம். நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

சரி, பையனுக்கு வருகிறேன். நரம்பியல் அறுவை நிபுணரைப் பார்க்கப் பெற்றோர் என்னையும் கூட அழைத்தார்கள். அவர் அவசரப்படவில்லை. பின்கழுத்தில் திறந்து, முதல் இரண்டு எலும்புகளையும் திருகாணியும் உலோகத் தண்டும் கொண்டு இணைத்து, இடுப்பெலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்து நடுவே வைத்தால், சில மாதங்களில் இரண்டும் ஒரே எலும்பாகக் கூடிவிடும் என்றார். முன்பெல்லாம் வெறும் மெல்லிய கம்பியால் கட்டுவார்கள், பல நேரம் எலும்பு கூடாமல் போய்விடும். 1994ல் மும்பையைச் சேர்ந்த அதுல் கோயல், முதல் எலும்பின் பக்கவாட்டுத் திண்டுகளில் திருகு இறக்கித் தகட்டோடு பிணைக்கும் முறையை வெளியிட்டார். 2001ல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ், தகட்டுக்குப் பதில் உலோகத் தண்டு வைத்து அதையே எளிதாக்கினார். அப்படியிருந்தும் மற்றக் குழந்தைகளைவிட இந்தப் பிள்ளைகளுக்குச் சிக்கல் அதிகம் என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. எலும்பு கூடத் தாமதமாகலாம், புண்ணில் தொற்று வரலாம். முதுகெலும்பு ரத்தக்குழாய் வழி மாறி ஓடலாம் என்பதால் சி.டி.யில் முதலில் அதைப் பார்த்தாக வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது இதயத்தில் ஓட்டை அடைத்தவன் என்பதால் இதய மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும்.

அப்பா கேட்டார்: "பண்ணா பழையபடி ஆயிடுவானா?"

"போனது எவ்வளவு திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. இதுக்கு மேல போகாம நிறுத்தத்தான் இந்த அறுவை" என்றார் மருத்துவர்.

அந்த வாக்கியம் அறையில் அப்படியே நின்றது. பெற்றோரைப் பொறுத்தவரை அறுவை என்றால் குணமாவதற்கு. நடந்து வருகிற பிள்ளையைப் படுக்க வைத்து, கத்தி பட்டால் கை கால் போய்விடக்கூடிய இடத்தில் திறப்பதற்குக் கையெழுத்துப் போடு, பதிலுக்கு இப்போதிருக்கும் நிலை மட்டும் உறுதி என்றால் எந்த அம்மாவுக்கும் கை நடுங்கும். "இப்ப நடக்கறானே மேடம்" என்று வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அறுவை செய்யுங்கள் என்று சொல்லும் உரிமை பிசியோதெரபிஸ்டுக்கு இல்லை. அவர்கள் முடிவெடுக்க என்ன தேவையோ அதைக் கையில் கொடுக்கலாம். கழுத்துப் பட்டை போட்டே ஓட்டிவிடலாமா என்று கேட்டபோது மட்டும், பட்டை கொஞ்ச நாள் தாங்கும், ஏற்கெனவே அழுந்திய தண்டுவடத்துக்கு அது வழியாகாது, ஒரு சறுக்கி விழுதலே போதும் என்று மருத்துவர் சொன்னதை மறுபடி சொன்னேன்.

முடிவை எடுக்க வைத்தது அவர்கள் கைபேசி. "போன வருஷ வீடியோ ஏதாவது இருக்கா?" என்று மருத்துவர் கேட்டிருந்தார். அப்பா அன்றிரவு தேடி எடுத்து மறுநாள் என் அறைக்கு வந்தார். ஓராண்டுக்கு முந்தைய பிறந்தநாள்: பையன் கையை விட்டுவிட்டு மூன்று படி தாவி ஏறுகிறான். ஆறு மாதத்துக்கு முன்: சுவரைத் தொட்டுக்கொண்டு ஏறுகிறான். இரண்டு மாதத்துக்கு முன்: இரண்டு கையாலும் கம்பியைப் பற்றி, வலது காலைப் படியில் இடறி இடறித் தூக்குகிறான். கூடவே நின்று சிரித்துப் படம் எடுத்தவர்களுக்கு அன்று எதுவும் தெரியவில்லை. தினமும் பார்ப்பவர் கண்ணில் மெல்ல நடப்பது படாது. மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தார் அப்பா, நான்கைந்து முறை. பிறகு, "அவன் நின்னுட்டிருக்கல மேடம். இறங்கிட்டே இருக்கான்" என்றார். அந்த வாரமே சம்மதித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை அதிகம். அவனுக்கு யார் சொல்வது? "அவனுக்கு என்ன புரியும்" என்றார் பாட்டி. அவனுக்குப் புரியும். சொல்லாமல் செய்தால் பயப்படுவான், பயந்தால் உதறுவான், உதறக்கூடாத கழுத்து அது. அவன் கரடி பொம்மைக்கு ஒரு கழுத்துப் பட்டை தைத்தோம். "கரடிக்குக் கழுத்து ஆடுது, டாக்டர் ஸ்க்ரூ போடுவார், அப்புறம் ஆடாது" என்று தினமும் அதே சொற்களில் சொன்னேன். மயக்க மருந்து முகமூடியை வாங்கி வந்து முதலில் கரடிக்கு, அப்புறம் எனக்கு, அப்புறம் அவனுக்கு. நான்காம் நாள் அவனே எனக்கு மாட்டிவிட்டு "தூங்கு" என்றான்.

மயக்க மருந்து நிபுணரைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்தது. கழுத்தை வளைக்காமல் நேர்க்கோட்டில் பிடித்தபடியே குழாய் இறக்க வேண்டும். மூச்சுக்குழல் சிறியது, வயதுக்குரிய குழாயைவிடச் சின்னதாக வேண்டியிருக்கலாம். மயக்கம் தொடங்கும்போது இந்தப் பிள்ளைகளின் இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், தைராய்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டார். குப்புறத் திருப்பும்போது தலையைத் தன் கையில் வைத்துக்கொள்வேன் என்று அம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் அம்மா கொஞ்சம் மூச்சு விட்டார்.

அறுவை நடந்தது. தண்டுவடத்தின் மின் சமிக்ஞைகளை நெடுகக் கண்காணித்தார்கள். மறுநாள் பத்து விரலையும் அசைத்துக் காட்டினான். புண்ணின் ஓரத்தில் நீர் கசிந்து இரண்டு வாரம் கூடுதலாகப் படுத்திருந்தான். மூன்று மாதம் கெட்டியான பட்டை. அதைக் கழற்றிய நாளில் அவன் தலையைத் திருப்பப் பார்த்து, பாதியில் நின்று, திகைத்துப்போனான். கழுத்துத் திருப்பத்தில் ஏறக்குறைய பாதி அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அது இனி இல்லை. இதை முன்னாலேயே அவனிடம் சொல்ல நான் மறந்துவிட்டேன். கரடியின் தலையை வைத்து அதையும் காட்டியிருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் இப்போது தோளோடு சேர்ந்து முழு உடம்பையும் திருப்புகிறான். சாலையைக் கடக்கும்போது அப்படித் திரும்பிப் பார்ப்பதற்கென்றே தனியாகப் பயிற்சி கொடுத்தோம்.

ஓராண்டு ஆகிவிட்டது. எலும்பு கூடிவிட்டதாக சி.டி. சொல்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி ஏறுகிறான். தாவி ஏறுவது திரும்பவில்லை. பாதத்தை அழுத்திப் பிடித்தால் இன்னும் இரண்டு துடிப்பு இருக்கிறது. அது கூடவில்லை என்பதை மாதாமாதம் பார்த்து எழுதுகிறேன். 6 மி.மீ. பெண்ணும் மாதம் ஒருமுறை வருகிறாள். சுத்தியலைக் கையில் எடுத்ததுமே காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

கீழ்ப் பொத்தான்களை அவன் மெதுவாகப் போட்டுவிடுகிறான். மேலே உள்ள இரண்டைப் போட முகவாயை இறக்கிப் பார்க்க வேண்டும். அது அவனுக்குச் சிரமம். போன மாதம் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வைத்தேன். கண்ணாடியில் கை எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபட அவனுக்கு மூன்று வாரம் ஆனது. நேற்று மேலிருந்து இரண்டாவதைப் போட்டான். கழுத்துப் பொத்தான் பாக்கி இருக்கிறது. அதற்கு அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறேன்.