கடலை மிட்டாயிடம் தோற்ற உப்பளம்

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களை ரொம்ப காலமாக வரைந்துகொண்டிருக்கிறேன். வாட்டர்கலர்தான். போன கோடையில் வரைந்ததில் ஒன்று எனக்கே பிடித்துப்போனது. 15க்கு 22 அங்குலத் தாள், அதில் முக்கால்வாசி வெறும் வெளிச்சம். பாத்தியில் தேங்கிய தண்ணீரில் வானம் லேசாக ஊதா கலந்து கிடக்கும். தூரத்தில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள், நடுவே தலைச்சுமையோடு போகும் நாலைந்து பெண்கள், ஒவ்வொருவரும் நகக்கண் அளவு. அதை இன்ஸ்டாகிராமில் போட்டேன். தெரிந்தவர்கள் பார்த்தார்கள், அதோடு படுத்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு புதுப் பேனாவைச் சோதிக்க, மேசையில் கிடந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வரைந்தேன். பிரித்த தாள், உடைந்த ஒரு துண்டு, நாலு கடலை. வரைந்தது வரைந்தாச்சு என்று அதையும் போட்டேன். அது ஊரைத் தாண்டி, கடலைத் தாண்டி ஓடியது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் வந்து "எங்க ஊரு!" என்று எழுதிவிட்டுப் போனார்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு 2020இல்தான் கிடைத்தது. ஊரை விட்டுப் போனவர்கள் பெட்டியில் அது எப்போதுமே இருந்திருக்கிறது.

நல்ல படம் தோற்கிறது, சுமாரான படம் ஜெயிக்கிறது, ஜனங்களின் ரசனை கெட்டுப்போச்சு என்று முடித்துக்கொள்ளலாம். என்னோடு வரைகிற சிலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நான் பிரேம் கடை வீட்டில் வளர்ந்தவள். எந்தப் படம் ஓடும், எது தூங்கும் என்பது எங்களுக்குச் சோற்றுக் கேள்வி.

முதல் காரணம் வெறும் அளவு. இருபத்திரண்டு அங்குலப் படம் போனில் மூன்று அங்குலத்துக்கும் கீழே சுருங்குகிறது. என் உப்பளத்துப் பெண்கள் தூசியாகிவிடுகிறார்கள். அதோடு போன் கேமராவுக்கு வெள்ளைத் தாளைக் கண்டால் பிடிக்காது, சாம்பல் பூசிவிடும். அதைச் சரிசெய்ய வெளிச்சத்தை ஏற்றினால் அந்த லேசான ஊதா காணாமல் போகும். மிஞ்சுவது ஏறக்குறைய காலித் தாள். படுக்கைவாட்டுப் படங்களுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. இன்ஸ்டாகிராமில் 4:5 விகிதத்தில் நிற்கும் படம் திரையை நிறைக்கும். கிடக்கும் படத்துக்கு நடுவில் ஒரு பட்டை இடம்தான். 2025 ஜனவரியில் புரொஃபைல் கட்டங்களையும் சதுரத்திலிருந்து நெட்டுவாக்குக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட உப்பளத்தில் என்ன இருக்கும்? உப்பளம் என்றாலே அகலம்தானே.

அப்பாவின் கடை கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில் இருந்தது. சாமி படம்தான் வியாபாரம். அப்பாவுக்கு ஆசை வேறு. ஏரி, பனிமலை, இலையுதிர்ந்த மரம் என்று இயற்கைக் காட்சிகளாக வாங்கி மாட்டுவார். அவை வருஷக்கணக்கில் தொங்கும். வெயில் பட்டு மஞ்சளும் சிவப்பும் வெளுத்து, கடைசியில் எல்லா நாட்டு மலையும் ஒரே நீலமாகிவிடும். முருகனும் லட்சுமியும் வந்த வாரமே போய்விடுவார்கள்.

அந்தச் சாமி படங்களின் பாணி பெரும்பாலும் எங்கள் ஊரில் உருவானது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது. கொண்டைய ராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரை வரைந்தவர், பிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்ததைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக அடித்து ஊர் ஊராக அனுப்பின. அந்தப் படங்களை ஒருமுறை ஓவியர் கண்ணோடு பாருங்கள். நடுவில் ஒரே உருவம், நேராக நம்மையே பார்க்கும் பெரிய கண்கள், பின்னால் கவனத்தை இழுக்காத வானமோ குளமோ. புகை படிந்த டீக்கடைச் சுவரில் மாட்டினாலும் பத்தடி தள்ளி நிற்பவருக்கு இது சரஸ்வதி, இது முருகன் என்று உடனே தெரிய வேண்டும். பத்தடி தூரத்தில் தெரிகிற படமும் உள்ளங்கை அளவில் தெரிகிற படமும் கண்ணுக்கு ஒரே கணக்குதான். நாடகத் திரை வரைந்த கைக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். கடைசி வரிசை டிக்கெட்காரனுக்கும் அரண்மனை அரண்மனையாகத் தெரியவேண்டுமே. அவர்கள் படத்தை இன்று போனில் போட்டாலும், தள்ளிக்கொண்டே போகிற விரல் நிற்கும்.

சரி, விரல் நின்றது. அதற்கு அப்புறம்?

இதில்தான் கடலை மிட்டாய் எனக்குப் பாடம் எடுத்தது. அந்தப் படத்தை ரசித்தவர்களைவிட அதை இன்னொருவருக்கு அனுப்பியவர்கள் அதிகம். அண்ணன் தங்கைக்கு, ஹாஸ்டல் தோழி தோழிக்கு. படம் ஒரு சாக்கு. "ஞாபகம் இருக்கா?" என்று கேட்க ஒரு சாக்கு. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார்: பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது, இந்த மூன்றும் முக்கியம், நம்மைத் தொடராத புதியவர்களிடம் ஒரு பதிவு போய்ச் சேர, அனுப்புவதற்குக் கூடுதல் எடை. என் உப்பளத்தைப் பார்த்து "நல்லாருக்கு" என்று சொல்லலாம். யாருக்கு அனுப்புவது? உப்பளத்தில் வேலை பார்த்த அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அனுப்பலாம்தான். ஆனால் அந்த ஞாபகம் இனிப்பில்லை; கால் வெடித்த ஞாபகம், கண் கூசிய ஞாபகம். அதை யாரும் சிரிப்பு எமோஜியோடு அனுப்புவதில்லை.

வியூஸ் என்பதும் ஆள் கணக்கு இல்லை. திரையில் எத்தனை தடவை வந்தது, எத்தனை தடவை ஓடியது என்பதுதான் அது. ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் மூன்று. ஈரத் தாளில் நிறம் பரவுகிற ரீல்ஸ் போட்டால் எண் எகிறுவதும் இதனால்தான். அது முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும், பார்ப்பவரும் விட்டுவிடுவார். எனக்கு அந்த வீடியோக்கள் பிடிக்கும், ஒளிக்கவில்லை. ஆனால் அதில் பார்க்கப்படுவது நிறம், படம் இல்லை. கடைசி ஃபிரேமில் முடிந்த படத்தைக் காட்டும்போது பாதிப் பேர் போயிருப்பார்கள்.

அப்புறம் அதிர்ஷ்டம். இதைச் சொன்னால் சோம்பேறியின் சமாதானம் என்பார்கள், ஆனால் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006இல் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் யாரும் கேள்விப்படாத 48 பாட்டுகளை இணையத்தில் வைத்து, 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கவிட்டார்கள். வந்தவர்களில் பெரும்பாலோரை எட்டு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்தின் டவுன்லோட் எண்ணிக்கை மட்டுமே தெரியும். ஒரு கூட்டத்தில் உச்சத்துக்குப் போன பாட்டு இன்னொன்றில் சீந்துவாரின்றிக் கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவது அபூர்வம், படுமோசமானது உச்சிக்குப் போவதும் அபூர்வம். இடையில் உள்ளதெல்லாம் முதலில் வந்தவர்கள் எதைத் தொட்டார்கள் என்பதைப் பொறுத்தது. என் படங்கள் பெரும்பாலும் இந்த இடைப்பட்ட ஜாதி என்பதால் எனக்கு இந்த ஆய்வு மேல் தனிப் பாசம்.

ஓவியத்திலேயே செய்த சோதனை இதைவிட சுவாரஸ்யம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கட்டிங், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிச்சத்தைத் துரத்தி வரைந்த பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் படங்களில் எது எத்தனை புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது என்று எண்ணினார். அதிகம் அச்சானவைதான் மக்களுக்கு அதிகம் பிடித்திருந்தன. பிறகு தன் வகுப்பில், அதிகம் அச்சாகாத படங்களைப் பாடத்தின் நடுவே சில விநாடிகள் எதுவும் சொல்லாமல் அடிக்கடி காட்டினார். பருவம் முடியும்போது பிரபலமான படங்களுக்கு இருந்த அனுகூலம் போய்விட்டது. எந்த இம்ப்ரெஷனிஸ்ட் படங்கள் முதலில் பிரபலமாயின என்பதற்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறார். கய்போத் என்ற ஓவியர், பணக்காரர், நண்பர்களின் படங்களை விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1894இல் இறந்தபோது எல்லாவற்றையும் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். அரசு ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக் காட்சிக்கு வைத்தது. அச்சடிப்பவர்கள் கைக்கு எட்டியது அவைதான்.

அப்படியென்றால் எதையும் திரும்பத் திரும்பக் காட்டினால் பிடித்துவிடுமா? 2013இல் வேறு சிலர் இதே முறையில், அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில் தொங்கிய தாமஸ் கின்கேடின் பளபளப்பான குடிசைப் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க மாணவர்களுக்கு அவை பிடிக்காமல் போயின. இதைப் படித்தபோது அப்பா கடையில் தொங்கிய பனிமலைகள் மேல் எனக்கிருந்த வெறுப்புக்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

விரலை நிறுத்துவது, அனுப்பத் தோன்றவைப்பது, இரண்டும் கூடிவந்த ஆளும் நம்மிடையே இருந்தார். ஓவியர் இளையராஜா, கும்பகோணம் பக்கத்துக்காரர். ஆனந்த விகடனில் வந்த அவர் படங்கள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறிக்கொண்டே இருந்தன. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது என் போன் முழுக்க அவர் வரைந்த மாநிறப் பெண்கள்தான். அசலை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் பகிர்ந்தார்கள். ஒரே முகம், பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம், இருண்ட பின்னணி. உள்ளங்கை அளவிலும் குலையாத கட்டமைப்பு. "எங்க அக்கா மாதிரி" என்று யாருக்காவது அனுப்பவும் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் அங்கேயும் வேலை இருக்கும். இந்த மூன்றாவதைச் செய்ய எத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் எனக்குப் பொறாமைப்படக்கூடத் தைரியம் வருவதில்லை.

என் சனிக்கிழமை வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், பிளஸ் டூ. ஜூன் 22 வந்தால் விஜய் முகத்தைச் சார்கோலில் போட்டுவிடுவான். ரசிகர் பக்கங்கள் எடுத்துப் பகிர்வார்கள், அவனுக்கு வரும் எண்ணிக்கையில் எனக்குப் பாதிகூட வராது. "மிஸ், நீங்க உப்பளத்துல யாராவது ஒருத்தர் முகத்தைக் கிட்டத்துல வரையுங்க, கண்ணு கூசுற மாதிரி" என்றான். நல்ல யோசனைதான், இந்தக் கோடையில் செய்வேன். அவனே ஒரு படம் வைத்திருந்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸோடு விஜய். "ஓடுமா மிஸ்?" என்றான். ஓடும் என்றேன். நல்லா இருக்கா என்று அவன் கேட்கவில்லை. இடது காது இன்னும் மேலே ஏறி நிற்கிறது, அதை நானே சொன்னேன்.