வாப்பாவோட மீ கோரெங்கும் ராம்நாடு நூடுல்ஸ் வண்டியும்

ஜூன் 11

ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு நாலு நாளாச்சு, காலைல கறி மதியம் கறி ராத்திரி கறி, ஃப்ரீசர தொறந்தா அங்கயும் கறி, நாக்கு செத்துப்போச்சு. இன்னிக்கு அஸர் தொழுதுட்டு வெளிய வந்ததும் மச்சான்கிட்ட "எங்கயாச்சும் போய் நூடுல்ஸ் திங்கலாம் வாடா"ன்னேன். கீழக்கரைலயே கடை இருக்கு, ஆனா தெருவுக்கு நாலு பேரு "எப்ப வந்தே எப்ப போறே"ன்னு கேப்பாக, அதுக்கு பயந்தே பைக்க எடுத்துக்கிட்டு ராம்நாடு போயிட்டோம்.

அரண்மனை பக்கம் ஒரு தள்ளுவண்டி. ஃபிளெக்ஸ்ல டிராகன் படம், அதுக்குப் பக்கத்துல எதுக்குன்னு தெரியல ஒரு மயில். கடைக்காரத் தம்பிக்கு முதுகுளத்தூர் பக்கம். அவரு அடுப்பு சத்தத்துல பேசுறது எதுவும் கேக்காது, அப்படி ஒரு இரைச்சல். வேகவச்ச நூடுல்ஸ எண்ணெய் தடவி பேசின்ல குவிச்சு மேல ஈரத்துணி போட்டிருந்தாரு. சோயா சாஸ் பாட்டில் மூடில ஆணியால ஓட்ட போட்டு வச்சிருக்காரு, ஒரு உதறு உதறுனா அளவா விழுது. வெள்ளை மிளகுத்தூள், அஜினோ, உப்பு மூணும் பாதியா வெட்டுன தண்ணி பாட்டில்ல. முட்டைய உடைச்சு ஊத்தி, கோஸ் கேரட்ட அள்ளிப்போட்டு, கரண்டியால சட்டி விளிம்புல டங்கு டங்குன்னு ரெண்டு தட்டு. அந்தத் தட்டு எதுக்குன்னு கேட்டேன். "சும்மாண்ணே, கையி பழகிருச்சு"ன்னாரு.

போர்டுல ஹக்கா, ஷெஸ்வான், சிங்கப்பூர்னு மூணு வகை. சிங்கப்பூர்னா என்ன வித்தியாசம்னு கேட்டா, "மஞ்சத்தூளும் கொஞ்சம் மசாலாவும் விழும்ணே, 20 ரூவா கூட." இவ்ளோ நேர்மையா யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்ல. ரெண்டு பிளேட்டு தின்னோம், ஒண்ணு பார்சல்.

வீட்டுல வாப்பா பார்சல பிரிச்சுப் பார்த்துட்டு உம்மாட்ட திரும்பி, "இது சிங்கப்பூராம்ல"ன்னாக. ஒரு வாய் வச்சாக. அப்புறம் இடியாப்பத்த எடுத்துக்கிட்டாக.

ஜூன் 12

நேத்து ராத்திரி முழுக்க அதே யோசனை. எங்க வாப்பா 26 வருஷம் மலேசியாவுல, பினாங்குல மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், கிண்டுன ஆளு. 1983-ல சிதம்பரம்ங்கிற கப்பல்ல போனாக, அப்ப வயசு 19. (அந்தக் கப்பல் 1985-ல தீப்பிடிச்சதோட நின்னுபோச்சு, அதுக்கப்புறம் போனவுக எல்லாம் பிளேன்தான்.) ஜார்ஜ் டவுன்ல கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்துல ஒரு சந்துல கடை. 2009-ல முட்டி தேஞ்சுபோய் ஊருக்கு வந்தாக. இத்தன வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட எங்களுக்கு மீ கோரெங் செஞ்சு குடுத்ததில்ல. இது எனக்கு நேத்துதான் உறைச்சுச்சு.

காலைல டீ குடிக்கிறப்ப கேட்டேன். மொதல்ல சிங்கப்பூர் நூடுல்ஸ்ல ஆரம்பிச்சாக. அது சிங்கப்பூர்ல கிடையாதாம், ஹாங்காங் ஹோட்டல்காரன் சேமியா மாதிரி இருக்க அரிசி நூடுல்ஸ்ல கறித்தூளத் தூவி பேரு வச்சது. சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் "இந்தியன் மீ கோரெங்"னு விக்கிறதோ இந்தியாவுல எங்கயும் இல்ல, அது அங்க போன நம்மூரு ஆளுக, கடையநல்லூரு ஆளுக எல்லாம் சேர்ந்து அங்கயே உண்டாக்குனது. மீங்கிறது சீனன் சொல்லு, கோரெங்னா மலாய்ல வறுக்குறது. கிண்டுன கை மட்டும் நம்மளது.

"எதுத்தாப்புல ஒரு சீனன் கடை, குவே தியாவ் போடுவான், பட்டையா இருக்கும் அரிசி நூடுல்ஸ். பன்னிக் கொழுப்புல வதக்குவான், அதனால ஒரு வாய்கூட தின்னது கிடையாது. ஆனா ரெண்டு வருஷம் அவன் கைய பார்த்துக்கிட்டே இருந்தேன் வாப்பா, சட்டிய எப்ப தூக்குறான், எப்ப விடுறான்னு. நான் கத்துக்கிட்டது முக்காவாசி அவன்கிட்டத்தான்."

(வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர்ல வாப்பாமாரு புள்ளையையும் பாசமா வாப்பான்னுதான் கூப்புடுவாக. குழம்பிக்காதீங்க.)

அப்ப ஏன் இங்க செய்யலன்னு கேட்டதுக்கு டம்ளர கீழ வச்சாக. "ஒரு நாளைக்கு 200 பிளேட்டு போட்டவன்டா நானு. லீவுல வந்தா கண்ணு முன்னாடி மீ தெரியக்கூடாதுன்னு இருக்கும். உங்க உம்மா கையால இடியாப்பமும் கணவாய் ஆணமும் தின்னா போதும்." (கணவாய்னா ஸ்க்விட், ஆணம்னா குழம்பு.) பினாங்குல இருந்து சோப்பு வந்துச்சு, கோடாலித் தைலம் வந்துச்சு, டார்ச்லைட்டு, கைலி, மைலோ டின்னு எல்லாம் வந்துச்சு, இது மட்டும் ஏன் வரலன்னு எனக்கு இப்ப வெளங்குது. ஊர்ல எங்க தெருவுல மட்டும் இப்படி மீ போட்ட ஆளு அஞ்சாறு பேரு இருப்பாக. ஒரு வீட்டுலயும் அடுப்பேறல.

கடைசில உம்மாதான் "புள்ளை ஆசப்படுறான், செஞ்சு குடுத்தா என்ன"ன்னாக. வாப்பா சரின்னுட்டாக, ஆனா கணவாய் வேணுமாம். மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதிதான் முடியுது. நாட்டுப்படகு கணவாய் வருது, விலைய கேட்டா மயக்கம் வருது.

ஜூன் 14

பெரியபட்டினம், ராத்தா (அக்கா) வீடு. ராத்தா புள்ளைகளுக்கு பாக்கெட் நூடுல்ஸ் போட்டா. மசாலாப் பாக்கெட்ட பிரிக்கிறப்பவே மாமியார், "அதுல அஜினோ இருக்கு, கேன்சர் வரும்"னு ஆரம்பிச்சுட்டாக. அந்த நேரம் பார்த்து நோன்புக்கு வாங்குனதுல மிச்சமிருந்த கடல்பாசிய பால்ல காய்ச்சி ரோஸ் கலர்ல தட்டுல ஊத்தி எங்க முன்னாடி வச்சிருக்காக. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, 1908-ல ஜப்பான்ல இகெடான்னு ஒரு புரொஃபசர் கொம்புங்கிற கடல்பாசிய வேகவச்ச தண்ணில ஏன் இவ்ளோ ருசின்னு தேடிப்போய்த்தான் மாமி இந்த அஜினோவையே கண்டுபிடிச்சாரு, அதுவும் பாசி இதுவும் பாசின்னு சொன்னேன். இப்பல்லாம் கரும்புச்சாறு, மரவள்ளி மாவ புளிக்கவச்சு எடுக்குறாங்கங்கிறதையும் சொன்னேன். மாமி என்னைய பார்த்த பார்வைல அடுத்த துண்டு கடல்பாசி கெடைக்கல.

ஆனா நெசமாவே யோசிச்சுப் பாருங்க. இந்தக் கரையில பொம்பளைங்க விரலுக்கு துணியச் சுத்திக்கிட்டு கண்ணாடி மாட்டி முங்கி முங்கி எடுக்குற கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும்தான் அகர் அகரா காய்ச்சப்படுது. அகர் அகர்ங்கிறதே மலாய் பேருதான். எங்க கீழக்கரை தொதல் எடுத்துக்கங்க, அரிசி மாவு, தேங்காப்பால், கருப்பட்டி போட்டு எண்ணெய் பிரியிற வரைக்கும் கை ஒடிய ஒடிய கிண்டுறது, இதையே மலேசியா, இந்தோனேசியால டோடோல்னு விக்கிறான். நம்ம இடியாப்பத்துக்கு அங்க புட்டு மாயம்னு பேரு, தேங்காப்பூவும் சீனியும் வச்சு தருவான். இந்தப் பெரியபட்டினத்துலயே 13, 14-ஆம் நூற்றாண்டு சீனப் பீங்கான் ஓடுக கெடைச்சிருக்கு. அந்தச் சட்டியில சோறு தின்னானோ மீ தின்னானோ. அவ்ளோ பழைய போக்குவரத்துல நூடுல்ஸ் மட்டும் தள்ளுவண்டி வழியா, கல்கத்தா சீனாக்காரன் கைமாறி வந்து சேர்ந்திருக்கு. ஹக்காங்கிறது மசாலா பேருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், அது அந்தச் சீன சனத்தோட பேராம்.

ஜூன் 16

தனுஷ்கோடி போனோம். பாம்பன்ல நின்னு புதுப் பாலத்துக்கு ஒரு போட்டோ. திரும்பி வர்ற வழியில ஒரு கடை, பேரு வேணாம், "சீஃபுட் நூடுல்ஸ்"னு போட்டிருந்துச்சு. இறால் வாசமே சரியில்ல, அப்பவே எந்திரிச்சிருக்கணும். மச்சான் "காசு குடுத்தாச்சு தின்னுடா"ன்னான்.

ஜூன் 17

பாத்ரூமும் நானும். உம்மா கஞ்சி குடுத்தாக. மச்சானுக்கு ஒண்ணும் ஆகல, அதான் கடுப்பு.

ஜூன் 19

கணவாய் வந்துடுச்சு! காலைலயே போய் முக்கா கிலோ வாங்கிட்டு வந்து நீட்டுனா வாப்பா, "நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க நாங்க காஞ்ச கணவாயத்தான் சோடா உப்பு மாதிரி காரம் போட்ட தண்ணில ஊறவச்சு, மொளகா அரைப்புல வேகவச்சு மீ மேல ஊத்துவோம்"னாக. கருவாட்டுக் கணவாய்னா தடைக்காலத்துலயே கெடைச்சிருக்குமே வாப்பா, ஒரு வாரம் எதுக்கு காத்திருந்தோம்னு கேட்டா பதில் இல்ல. சாக்கு சொல்லி தள்ளிப்போட பார்த்திருக்காக, வேறென்ன.

மஞ்ச நூடுல்ஸ் இங்க கெடைக்கல. பாக்கெட்ல வர்ற வெள்ளை நூடுல்ஸ்தான். வாப்பா கொதிக்கிற தண்ணில ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டாக, தண்ணி பொங்கி அடங்குச்சு, நூடுல்ஸ போட்டதும் பார்த்துக்கிட்டு இருக்கப்பவே அது மெல்ல மஞ்சளா மாறுது. முட்டை இல்ல, மஞ்சத்தூள் இல்ல. எடுத்துப் பிச்சுப் பார்த்தா ரப்பர் மாதிரி இழுக்குது. "பினாங்கு மீயும் மஞ்சளா இருக்குறது முட்டையால இல்ல, இந்தக் காரத்தாலதான்." உம்மா ஆப்ப மாவுக்குப் போடுற அதே டப்பா சோடா.

அவ்ளோதான் நல்ல சேதி. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே சட்டியில போட்டாச்சு. வீட்டு கேஸ் அடுப்பு தாங்குமா, சட்டி சூடு இறங்கி, கோஸு தண்ணி விட்டு, நூடுல்ஸ் வறுபடாம வெந்துபோய் கொழகொழன்னு களி மாதிரி ஆயிடுச்சு. எல்லாரும் "நல்லா இருக்கு"ன்னு தின்னாங்க. வாப்பா மட்டும் தட்ட தொடல, வெளிய திண்ணையில போய் உக்காந்துட்டாக. 26 வருஷம் போட்ட ஆளு, பாவம்.

ஜூன் 20

ஜும்மா முடிஞ்சு வந்ததும் சட்டைய கழட்டிட்டு பனியனோட அடுப்படிக்குள்ள போனாக. நான் கூப்புடல, யாரும் கூப்புடல. "ஒரு தடவைக்கு ஒரு பிளேட்டு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது."

காஞ்ச மொளகா ஊறவச்சு அரைச்சது, எண்ணெய்ல வதக்கி கருஞ்சிவப்பா ஒரு கிண்ணத்துல. வேகவச்ச உருளக்கெழங்கு துண்டு. முளைப்பயிறு, அங்க தவ்கேன்னு சொல்லுவாகளாம், இங்க முளைகட்டுன பச்சைப்பயித்த வாலு நீள விட்டு எடுத்துக்கிட்டாக. சோயா கட்டி (டோஃபு) கெடைக்கல, தங்கச்சி பன்னீர நீட்டுனா, "அத எங்கிட்ட கொண்டு வராத"ன்னு ஒரே போடு. அங்க இறால் வடைய வெட்டிப் போடுவாகளாம், அதுக்குப் பதிலா பள்ளிக்கு எதுத்த டீக்கடை பருப்பு வடை ரெண்டு.

சட்டி புகையுற வரைக்கும் காத்திருந்தாக. எண்ணெய், கணவாய், அரைப்பு, ஒரு கைப்பிடி மீ, தக்காளி சாஸ், சோயா. நடுவுல குழி பறிச்சு முட்டை. தேஞ்ச முட்டியோட நின்ன ஆளு இடது காலுக்கு எடைய மாத்தி மாத்தி, மணிக்கட்ட மட்டும் ஆட்டுறாக, நூடுல்ஸ் ஒண்ணுகூட சட்டிய விட்டு வெளிய போகல. கடைசியா கரண்டியால விளிம்புல டங்கு டங்குன்னு ரெண்டு தட்டு. ராம்நாடு தம்பிய நெனச்சு எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. "ஒட்டுனத விடுவிக்கிறதுக்குடா அது"ன்னாக, கேக்காமலே.

மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தின்னேன். இனிப்பு, புளிப்பு, உறைப்பு, கொஞ்சம் கருகுன வாசம், உருளக்கெழங்கு கரைஞ்சு மீயில ஒட்டியிருக்கு, வடை சாஸ குடிச்சுட்டு மெத்துன்னு கெடக்கு. தள்ளுவண்டி நூடுல்ஸோட சொந்தமும் இல்ல, நம்ம வீட்டு சாப்பாடும் இல்ல. எட்டு பிளேட்டு போட ஒரு மணி நேரம் ஆச்சு, எட்டாவது ஆளு உம்மா. ஒரு வாய் தின்னுட்டு, "இதத்தான் அங்க எல்லாருக்கும் போட்டீகளா"ன்னு கேட்டாக, அவ்ளோதான். கலியாணம் ஆகி 37 வருஷம்.

வாப்பா அப்பவும் திங்கல. ராத்திரி இடியாப்பம்.

ஜூன் 22

நாளைக்கு மெட்ராஸ் பஸ். சாயங்காலம் வாப்பாவ பைக்ல வச்சு அரண்மனை வண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன், வர மாட்டாகன்னு நெனச்சேன், கைலி மாத்திக்கிட்டு ரெடியா நின்னாக. அரை மணி நேரம் பேசாம அடுப்பையே பார்த்துக்கிட்டு நின்னாக. அப்புறம் தம்பிக்கிட்ட, "தண்ணில கொஞ்சம் சோடா போட்டு வேகவைங்க தம்பி"ன்னாக. தம்பி மொதல்ல சிரிச்சாரு, அப்புறம் "எவ்ளோ பாய்?"னு கேட்டாரு. பெரிய சட்டிக்கு அர ஸ்பூனுன்னு சொல்லிட்டு, அடுப்பு எங்க வாங்குனது, எவ்ளோ ஆச்சுன்னு விசாரிச்சாக. 4,500 ரூவாயாம்.

திரும்பி வர்றப்ப ரோட்டுல ஒண்ணும் பேசல. கீழக்கரை உள்ள நொழையிறப்ப பின்னாடி இருந்து, "அந்த அடுப்ப நம்ம கொல்லைல வைக்க எடம் இருக்குமாடா"ன்னாக.