கறுப்பு, பச்சை, ஊதா: மாடியிலும் மலையிலும் தக்காளி

புரட்டாசிக் கடைசியில் குழித்தட்டில் விதைத்த தக்காளி நாற்றுகளை இந்த முறை இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கு சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் மொட்டை மாடிக்கு, இன்னொன்று ஏற்காட்டில் அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு. விதையும் ஒன்று, மண்கலவையும் ஒன்று: செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. வெளியூர் ரகம் என்றாலே "நம் வெயிலுக்கு வராது" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த ரகம், எந்த மாதம், எவ்வளவு உயரம் என்று பார்க்காமல் அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு தட்பவெப்பம் கிடைத்திருப்பது தோட்டம் போடுகிறவர்களுக்குப் பெரிய கொடுப்பினை.

நட்டவை செரோக்கி பர்ப்பிள், க்ரீன் ஜீப்ரா, இண்டிகோ ரோஸ், பேரிக்காய் வடிவில் குட்டியாகக் காய்க்கும் மஞ்சள் தக்காளி ஆகியவை. ஒப்பிட்டுப் பார்க்க நம் பி.கே.எம்.1. அன்னஞ்சி நாட்டு ரகத்தில் சடுதிமாற்றத்தை, அதாவது மரபுப் பண்பில் திடீர் மாற்றத்தை, தூண்டிப் பெரியகுளத்தில் உருவாக்கிய ரகம் அது. தட்டையான உருண்டை, காம்பருகே பச்சைத் தோள்.

மாடியில் கார்த்திகையிலேயே எல்லாச் செடிகளும் பூத்துவிட்டன. தக்காளியில் பூ வருவது பெரிதல்ல, பிஞ்சு நிற்பதுதான் பெரிது. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் குளிராவிட்டால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூக்காம்பின் நடுவே ஒரு கணு இருக்கிறது. அது மஞ்சளாகிவிட்டால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பூ அந்த இடத்திலேயே ஒடிந்து விழும். மார்கழியிலும் தையிலும் இந்தத் தொல்லை இல்லை. காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாலே போதுமானதாக இருந்தது. மாசி பிறந்ததும் செரோக்கி பர்ப்பிள் பூவை உதிர்க்கத் தொடங்கியது. மஞ்சள் குட்டித் தக்காளி மட்டும் அசரவில்லை, இன்றும் சரம் சரமாகக் காய்க்கிறது.

வெயில் ஏறினால் நிறமும் கெடுகிறது. சிவப்பைத் தரும் லைகோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமிகள் மட்டும் தொடர்ந்து சேர்வதால் பழம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். அதனால் இப்போது காயின் அடியில் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலான இடத்தில் பரப்பிவைக்கிறேன். செடியிலேயே விட்டவற்றைவிட இவை நன்றாகச் சிவக்கின்றன. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதில்லை, அந்தக் குளிரில் தக்காளியின் மணம் போய்விடும்.

மலையில் கதை வேறு. அங்கே வெயில் பிரச்சினை இல்லை, பனிமூட்டமும் ஈரமும்தான். கீழ் இலைகளில் வளையம் வளையமாகக் கருகல் விழுந்தது. அக்கா தரையைத் தொடும் இலைகளை எல்லாம் கிள்ளி, வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றி, செடிகளுக்குள் காற்று புகும்படி குச்சி கட்டினார். மீண்டும் மழை பிடித்தபோது பெரிய பழங்களில் சில வெடித்தன, சிலவற்றைக் குரங்குகள் கொண்டுபோயின. மீந்ததை மாமா பையில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்.

அந்தப் பையில் இருந்த செரோக்கி பர்ப்பிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டென்னசியிலிருந்து 1990-இல் தபாலில் வந்த பெயரில்லாத விதைக்குக் க்ரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரர் வைத்த பெயர் அது. பழுத்த பிறகும் சதையில் பச்சையம் மறையாமல் சிவப்போடு கலந்து நிற்பதால்தான் அந்தக் கருஞ்சிவப்பு. குறுக்கே அறுத்தால் நடுவில் ஒயின் நிறம், விதையைச் சுற்றிய கூழில் ஆலிவ் பச்சை. உப்பு மட்டும் தூவித் தின்றோம். முதலில் இனிப்பு, பிறகு மெல்லிய புளிப்பு, கடைசியில் நாக்கில் தங்கும் ஓர் ஆழ்ந்த சுவை. மாடியில் விளைந்ததும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மலைப் பழத்தின் அடர்த்தி அதில் இல்லை.

க்ரீன் ஜீப்ரா டாம் வாக்னர் 1983-இல் வெளியிட்ட ரகம். பழுத்தாலும் பச்சைதான். வரிகளுக்கு நடுவே உள்ள வெளிர்பச்சை மஞ்சளாக மாறுவதும், அழுத்தினால் சற்றே இளகுவதும்தான் அடையாளம். "காயைப் போய்ப் பறித்திருக்கிறாயே அம்மா" என்றார் அத்தை. அறுத்து நீட்டினேன். நல்ல சுறுசுறுப்பான புளிப்பு. அன்று மாலை அதை மெல்லிய வட்டமாக அரிந்து, தட்டுவடை செட்டில் (இரண்டு மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே காய்த்துருவல் வைத்த சேலத்துத் தின்பண்டம்) பீட்ரூட், கேரட் துருவலுக்கு அடியில் அவரே வைத்துக்கொண்டார். நம் ஊர்த் தட்டுவடைக்கு இதைவிடப் பொருத்தமான தக்காளியை நான் பார்த்ததில்லை.

இண்டிகோ ரோஸ் கண்ணுக்குத்தான் விருந்து. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்டது. அதன் ஊதா, வெயில் பட்ட தோலில் மட்டுமே ஏறுகிறது. காம்பின் பச்சை இதழ்கள் மூடியிருந்த இடத்தைத் திறந்து பார்த்தால் நிறமேறாத நட்சத்திரம் ஒன்று தெரியும். இலை மறைத்த பக்கமும் அப்படியே. சுவை சுமார், தோல் தடிப்பு.

ரசத்துக்கு பி.கே.எம்.1-தான். கையால் பிசைந்தாலே கரைகிறது, கொதித்த பிறகும் புளிப்பு குன்றுவதில்லை. செரோக்கி பர்ப்பிளை ரசத்தில் போட்டால் அதன் அருமை அத்தனையும் மிளகிலும் பூண்டிலும் மறைந்துவிடும். அதைப் பச்சையாகத்தான் தின்ன வேண்டும்.

விதை எடுத்தாயிற்று. கூழோடு டம்ளரில் பிழிந்து, மேலே நுரை கட்டும்வரை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி நிழலில் உலர்த்தினேன். ஆடிப்பட்டத்தில் மஞ்சள் குட்டியும் பி.கே.எம்.1-உம் மாடிக்கு. செரோக்கி பர்ப்பிள் விதையில் பெரும்பங்கு அக்காவுக்கு, மேலே மழைமறைப்புக் கூரை போட்டுத் தருவதாக மாமா சொல்லியிருக்கிறார்.