கிளித்தட்டும் மணிக்கட்டும்

எங்கள் பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் இருக்கும் என் வகுப்புத் தோழன் வாட்ஸப்பில் கேட்டது ஒரு பள்ளிக்கூட நினைவு. "பிக் மேட்ச், ஹொஸ்டல் சாப்பாடு, அடி வாங்கினது, இதில ஏதாவது எழுது" என்றான். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நாலு பேர் இருக்கிறார்கள், போன மலரிலேயே ஹொஸ்டல் பருப்பைப் பற்றி மூன்று கட்டுரை வந்தது. ஆகவே நான் கிளித்தட்டில், தரையில் கோடு கீறி மறிக்கிறவர் கையால் அடி படாமல் கடந்து ஓடுகிற விளையாட்டில், தொடங்குகிறேன், அது யப்பானுக்குப் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், வகுப்பில் ஆகச் சிறியவன் நான்தான், எப்போதும் முன்வாங்கு. கால்பந்துக்கு எடுக்கமாட்டார்கள், கிரிக்கெட்டில் பந்து பொறுக்க மட்டும் விடுவார்கள். ஆனால் பின்வளவில் கிளித்தட்டு கீறினால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் எனக்கு அடிக்க ஒருவனாலும் முடியாது. மறிக்கிறவன் கோட்டை விட்டு வரக்கூடாது, கோட்டின்மேல் இடமும் வலமுமாகத்தான் ஓடலாம். அவன் முன்னால் போய் நின்று ஒரு பக்கம் சரிவதுபோலக் காட்டி, அவன் பாரம் அந்தக் காலுக்கு இறங்கிய நொடியில் மற்றப் பக்கத்தால் நழுவிவிடுவேன். எங்கள் விளையாட்டு மாஸ்டர் கால்பந்துக்காரருக்குச் சொல்வதை நான் கரையில் இருந்து கேட்டு எடுத்துக்கொண்டது அது. "காலைப் பாத்தா ஏமாந்துபோவாய், இடுப்பைப் பாரடா."

1994 இல் யப்பான் அரசின் புலமைப்பரிசில் கிடைத்து சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போனேன். டோக்கியோவுக்கு வடகிழக்கே இபராக்கி மாகாணம், அந்தக் காலத்தில் ரயில்கூட நேராக இல்லை, பஸ்தான். பகல் முழுக்க ஆய்வுகூடம், இரவு ஒரு சின்ன அறை, வீட்டுக்குக் கடிதம் போட்டால் எப்போது போய்ச் சேரும், போய்ச் சேருமா என்றே தெரியாத காலம். ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றி ஒரு டோஜோவுக்கு, அதாவது பயிற்சி மண்டபத்துக்கு, கூட்டிப்போனான். சுற்றிவரச் செஸ்நட் தோட்டம், நடுவில் ஓடு வேய்ந்த ஒரு மண்டபம், தரையில் தத்தாமிப் பாய். அந்தப் பக்கம் செஸ்நட்டுக்குப் பேர்போனது, எங்கள் சென்செயும், அதாவது ஆசானும், செஸ்நட் தோட்டக்காரர்தான். அறுபத்தெட்டு வயது, என்னைவிட ஓர் அங்குலம் உயரம், கை மட்டும் தோட்டக்காரன் கை. சொல்லிக்கொடுத்தது ஐகிடோ.

ஐகிடோ என்றால் என்ன என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்குச் சுருக்கமாக, அது ஒரு யப்பானியத் தற்காப்புக் கலை. இதை உண்டாக்கியவர் உவேஷிபா மோரிஹே, 1883 இல் வாக்காயாமா மாகாணத்தின் தனாபே ஊரில் பிறந்தவர். 1915 இல் ஹொக்கைடோவில் தக்கேதா சோக்காக்கு என்ற கடுமையான மனிதரிடம் தைத்தோ-ரியூ ஜூஜுத்சு என்ற சண்டைக்கலை பழகியவர், பிறகு ஓமோத்தோ என்ற மத இயக்கத்தில் சேர்ந்தவர், டோக்கியோவில் டோஜோ கட்டிப் பேர் எடுத்தவர், 1942 இல் அதையெல்லாம் விட்டுவிட்டு இவாமா என்ற கிராமத்துக்குத் தோட்டம் செய்யப் போனவர். அந்த இவாமா எங்கள் மாகாணத்தில்தான். 1969 இல் அவர் செத்த பிறகு அங்கே பழக்கியவர் சைத்தோ மோரிஹிரோ, ரயில்வே ஊழியர். 1946 இல் பதினெட்டு வயதில் சேர்ந்து இருபத்துமூன்று வருடம் உவேஷிபாவோடு இருந்தவர். எங்கள் சென்செய் அந்த வழியில் வந்தவர் என்பதால் எங்கள் பயிற்சியும் இவாமா மாதிரிதான், அதாவது பறக்கிற சுழல்கிற காட்சி எல்லாம் பிறகு, முதலில் ஒருவன் உன் கையை இறுக்கிப் பிடிக்கட்டும்.

ஐ என்றால் பொருந்துவது, சேர்வது. கி என்பதை உயிர்மூச்சு, ஆற்றல், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அடிக்க வருகிறவனின் வேகத்தோடு மோதாமல் அதோடு சேர்ந்துகொள்வதை அவர்கள் அவாசே என்பார்கள். இதை முதல் நாள் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. இது கிளித்தட்டல்லவா? ஒன்பது வயதிலிருந்து செய்கிறேனே.

ஜூடோவை உண்டாக்கிய கானோ ஜிகோரோவின் கணக்கு ஒன்று இருக்கிறது, பக்கத்து மேசைக்காரன்தான் காரில் வரும்போது சொன்னான். எதிராளியின் பலம் பத்து, உன்னுடையது ஏழு. நேருக்கு நேர் தள்ளினால் நீ தோற்பாய். அவன் தள்ளும் அளவுக்கே நீ பின்வாங்கி, ஆனால் உன் சமநிலையை மட்டும் விடாமல் இருந்தால், அவன் தன் சமநிலையை இழந்து முன்னால் சாய்வான், அந்த நொடியில் அவனிடம் மூன்றுதான் மிச்சம், உன்னிடம் ஏழு அப்படியே இருக்கிறது. கானோ 1882 இல் ஒரு கோயிலில் பன்னிரண்டு தத்தாமிப் பாயும் ஒன்பது மாணவருமாகத் தொடங்கினவர், பள்ளிக்கூட ஆசிரியர் வேறு, அதனால்தான் இவ்வளவு துப்புரவாக விளங்கப்படுத்தினார் போலும். கேட்டதும் என் நம்பிக்கை இன்னும் கூடியது. ஏழும் எனக்கு இல்லை, மூன்றுதான், ஆனாலும் நழுவத் தெரியுமே.

முதல் மாதம் சென்செய் என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல்தான் சொன்னார். நிகெதெரு. பலகையில் எழுதிப் படித்த யப்பானிய மொழியில் அந்தச் சொல் இருந்தது, ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம், ஆனால் நான் ஓடவில்லையே, நின்ற இடத்தில்தானே விலகினேன். யாராவது மேலிருந்து தலையை நோக்கி வெட்டுகிறமாதிரி கையை இறக்குவான், அந்த அடிக்கு ஷோமென்-உச்சி என்று பேர், நான் அழகாகப் பக்கத்தில் நழுவுவேன், அடி காற்றில் போகும், எனக்குத் திருப்தி. சென்செய் தலையை ஆட்டுவார். நிகெதெரு. அடித்தவனோ நின்ற நிலையிலேயே நிற்பான், திரும்பி அடுத்த அடி அடிக்கத் தயார். கிளித்தட்டில் மறிக்கிறவனைக் கடந்தால் ஆட்டம் முன்னேறும், அவன் கோட்டிலேயே கிடப்பான். இங்கே கோடும் இல்லை, கடந்துபோக ஓர் இடமும் இல்லை. நான் விலகிய தூரம் முழுக்க அவனுக்குக் கிடைத்த இடம்.

தாய் நோ ஹென்கோ என்று ஒரு பயிற்சி. இவாமாக்காரர் ஒவ்வொரு வகுப்பையும் இதில்தான் தொடங்குவார்கள். ஒரு நாள் சென்செய் என் முன்னால் வந்து வலது கையை நீட்டிப் பிடி என்றார். இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், வயது போனவர் என்று ஒரு மரியாதையோடு. "மொத்தோ" என்றார், இன்னும். கொஞ்சம் இறுக்கினேன். மொத்தோ. என் மனம் வரவில்லை, பெரியவருடைய கையை எப்படி நெரிப்பது? அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் மற்றக் கையால் எடுத்து மணிக்கட்டில் சரியாக வைத்து, சுண்டுவிரலை அழுத்திக் காட்டினார், இங்கிருந்து பிடி என்று. இந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்றால், எதிரே நிற்பவன் வாளை உருவாமல் தடுக்கப் பிடிப்பது. விட்டால் செத்தாய் என்று நினைத்துப் பிடிக்கவேண்டும். சரி என்று முழுப் பலத்தோடும் பிடித்தேன், தோளிலிருந்து, காலிலிருந்து.

அவர் கையை இழுக்கவில்லை, உதறவில்லை. விரல்களை விரித்தார், அவ்வளவுதான், என் பிடிக்குள் அவர் மணிக்கட்டு ஒரு கயிறு தடித்ததுபோல நிறைந்தது. கை நின்ற இடத்தில் நிற்க, அவர் முன்னங்கால் என் முன்னங்காலுக்கு வெளிப்பக்கமாக வந்து ஊன்றியது, இடுப்புத் திரும்பியது, பார்த்தால் அவர் என் பக்கத்தில் நிற்கிறார், பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேர் நிற்பதுபோல, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. முன்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே செஸ்நட் மரம். என் பலம் எல்லாம் இன்னும் அதே திசையில் போய்க்கொண்டுதான் இருந்தது, அது முட்ட வேண்டிய ஆளைத்தான் அங்கே காணவில்லை. குதிக்கால் பாயை விட்டு எழும்பிவிட்டது. "நீ என்ன பார்க்கிறாயோ அதை நானும் பார்க்கிறேன்" என்றார் சென்செய், மூன்று வருடத்தில் அவர் இதைப்பற்றிப் பேசிய மிக நீண்ட வசனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் கிட்ட வந்திருந்தார். நான் ஒரு மாதமாக எட்டப் போய்க்கொண்டிருந்தேன்.

இரிமி என்று ஒரு சொல் உண்டு, உடலை உள்ளே விடுவது. வெட்ட வருகிறவனிடமிருந்து விலகாமல், வெட்டு விழும் கோட்டை மட்டும் அரை அடி விட்டு, அவனை நோக்கியே முன்னால் போய் அவன் தோளுக்குப் பின்னால் நிற்பது. மரவாளோடு பழகும்போது இது மிச்சமில்லாமல் தெரிந்துவிடும். வாளை உயர்த்தி அடிக்க வரும்போது பின்வாங்கினால் வாளின் நுனி எட்டிப்பிடிக்கும், பக்கவாட்டில் குதித்தால் அவன் திரும்பி வெட்டுவான், உள்ளே போனால்தான் ஆபத்துக் குறைவு. இதைப் புத்திக்கு விளங்கப்படுத்தலாம். காலுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. எப்போது போகவேண்டும் என்பது மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது, வாளைப் பாராமல் இடுப்பைப் பார்த்தேன், அதற்கு நம் மாஸ்டருக்குத்தான் நன்றி. அவன் முடிவெடுத்த நொடி, வாள் ஏறத் தொடங்கும்போதே போகவேண்டும், இறங்கும்போது போனால் பிந்திவிட்டது. 1925 இல் ஒரு கடற்படை அதிகாரி மரவாளோடு உவேஷிபாவை அடிக்க அடிக்க அவர் வெறுங்கையோடு ஒன்றிலும் படாமல் நின்றார், வாள் வருமுன் வெள்ளொளி ஒன்று தெரிந்ததாகச் சொன்னார் என்று ஒரு கதை. அந்த ஒளியை நான் நம்பவில்லை. ஆனால் அடிக்கு முன்னால் ஏதோ ஒன்று வரும், அது கண்ணுக்குத் தெரியும் என்பதைக் கிளித்தட்டு விளையாடிய எந்தப் பொடியனும் ஒத்துக்கொள்வான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, பலர் அதைச் சொல்வதில்லை. ஐகிடோவில் பாதி நேரம் நீதான் அடிக்க வருகிறவன், உக்கே. விழுவதும் நீதான். நாங்கள் மரியாதை பழகிய பிள்ளைகள், நான் எல்லாருக்கும் பதமாக அடித்தேன், படாத தூரத்தில் கையை நிறுத்தினேன், அவர்கள் தொட்டதும் விழுந்தேன். அதுதான் ஒத்துப்போவது என்று நினைத்தேன். ஒரு நாள் கூடப் பழகிய பெண் ஒருத்தி, பாடசாலை ஆசிரியை, என் அடிக்கு நகராமல் அப்படியே நின்றாள். என் கை அவள் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் தானாக நின்றது. "வராத அடிக்கு நான் எங்கே போவது?" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கு இணையத்தில் தொடாமலே பத்துப் பேரைப் பறக்கவிடும் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆசிரியையை அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டும்போல இருக்கும்.

அடுத்த வாரமே உண்மையாக அடித்தேன், உண்மையாக எறியப்பட்டேன், உருளத் தெரியாமல் கையை நீட்டி ஊன்றிக் காறை எலும்பை உடைத்துக்கொண்டு ஆறு கிழமை கையைத் தூக்கிக் கட்டியிருந்தேன். அது என் பிழைதான்.

சண்டையில் இது உதவுமா என்று எல்லாரும் கேட்பார்கள், முக்கியமாக நம் சங்கத்து இளைஞர். நான் ஊரை விட்டு வந்தது போரின் ஷெல்லடிக்குப் பயந்து, ஷெல்லுக்கு மணிக்கட்டு இல்லை. தெருச்சண்டை ஒன்றும் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை, வாய்த்தால் பழைய கிளித்தட்டைத்தான் நம்புவேன், அதாவது ஓடுவேன். கி என்ற சொல்லையும் எங்கள் சென்செய் வகுப்பில் சொன்னதாக ஞாபகமே இல்லை. கால், இடுப்பு, சுண்டுவிரல், இந்த மூன்றும்தான். உவேஷிபா தெய்வங்களின் பேரில் நீளமாகப் பேசுவாராம், கேட்ட மாணவருக்கே பாதி விளங்காதாம், அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு இன்றைக்குச் சிலர் கடை நடத்துகிறார்கள்.

நான் 1998 இல் லண்டன் வந்தேன். வேலை, பிள்ளைகள், வாரத்தில் இரண்டு நாள் பாய். சென்செய் இப்போது இல்லை, தோட்டத்தை மகன் பார்க்கிறாராம்.

போன வருட ஒன்றுகூடலில் இருந்தவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மண்டபத்தின் பின்பக்கம் கொத்துரொட்டிக்கு வரிசை நின்றது. எங்கள் வகுப்பில் எப்போதும் கிளியாக, அதாவது மறிக்கிறவர்களின் தலைவனாக, நிற்பவன், பேர் எழுதினால் கோபிப்பான், இப்போது பேரப்பிள்ளை கண்டவன், நேரே என்னிடம் வந்தான். "நீ கையைப் பிடிச்சா ஆளைத் திருப்பிறனியாம், காட்டு பாப்பம்" என்று கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். மரியாதை, பயம், பதம் ஒன்றும் கிடையாது, தேங்காய் உரிக்கிற அலவாங்கைப் பிடிக்கிறமாதிரி ஒரு பிடி. இப்படி ஒரு பிடி பல வருடமாக எனக்குக் கிடைக்கவில்லை. விரல்களை விரித்தேன், காலை அவன் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், திரும்பினேன். இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று கொத்துரொட்டிக்காரரைப் பார்த்தோம். அவன் குதிக்கால் எழும்பியது, ஓர் அடி முன்னால் போனான், நான் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றான். பிடியை விடவில்லை. "அந்தக் காலத்தில உன்னை ஒருக்காலும் அடிக்கேலாமப் போச்சு. இப்பதான் அம்பிட்டாய். விடமாட்டன், இன்னொருக்காத் திருப்பு."