முடி எல்லையைத் தாண்டிய கருநீலம்

தோல் மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ரொம்ப வியர்க்குது டாக்டர்" என்று யாராவது வந்தால் ஒரு லோஷனை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். வியர்வையெல்லாம் ஒரு நோயா என்ற அலட்சியம்தான்.

அதை மாற்றியவர் ஓர் ஆசிரியர். பலகையின் மேல்பாதியில் எழுதுவதையே விட்டுவிட்டாராம். கையைத் தூக்கினால் சட்டை ஈரம் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடும். அலுமினியம் குளோரைடு லோஷனில் அவருக்கு எரிச்சல்தான் மிச்சம். தைராய்டு, சர்க்கரை இரண்டிலும் கோளாறு இல்லை. தூக்கத்தில் வியர்ப்பதும் இல்லை. சரி, போடாக்ஸ் போடலாம் என்றேன்.

"அது முகச் சுருக்கத்துக்குப் போடுறதுதானே?"

அதே மருந்துதான். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வந்தால்தான் வியர்வைச் சுரப்பி வேலை செய்யும். இந்த ஊசி அதை வரவிடாமல் தடுக்கிறது. சுரப்பி அப்படியேதான் இருக்கும். ஒரு அக்குளுக்கு 50 யூனிட், 10 முதல் 15 இடங்களில், தோலுக்குள்ளேயே இறங்க வேண்டும். சரியாக இறங்கினால் கொசுக்கடி போலப் புடைக்கும். புடைக்காவிட்டால் ஊசி ஆழத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

புடைப்பெல்லாம் அழகாகத்தான் வந்தது. ஆனால் முடி இருக்கும் இடம்தான் வியர்க்கும் இடம் என்று கண்ணளவில் குறித்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர், "நல்லா இருக்கு டாக்டர், ஆனா இங்க மட்டும்..." என்று பின்பக்க ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அயோடின் தடவி, காயவிட்டு, ஸ்டார்ச் பவுடரைத் தூவினேன். வியர்வை ஈரம் பட்ட இடத்தில் மட்டும் இரண்டும் சேர்ந்து கருநீலமாகும். சில நிமிடங்களில் கருநீலப் புள்ளிகள் ஊசிமுனை அளவில் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஒன்று சேர்ந்து, முடி எல்லைக்கு வெளியே ஒரு திட்டாக நின்றன. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. தவறு என்னுடையது என்று சொல்லி, அந்த இடத்துக்கும் ஊசி போட்டேன்.

இப்போதெல்லாம் கர்ப்பமா, தசை பலவீன நோய் உண்டா, அயோடின் ஒத்துக்கொள்ளுமா என்று விசாரித்த கையோடு அந்தச் சோதனைதான். (துணியில் பட்டால் கறை என்பதையும் சொல்லிவிடுவேன். ஒருமுறை சொல்ல மறந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஏழு மாதம் கழித்து ஆசிரியர் மறுபடி வந்தார். வெளிர்நீலச் சட்டை, அக்குளில் சின்னதாக ஈர வளையம். "திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. அதுக்குள்ள இந்தக் கலர்ல நாலு சட்டை தைச்சுட்டேன்" என்று சிரித்தபடி பொத்தானைக் கழற்றினார்.