எந்த லைனுக்கு எந்த கேஸ்கெட்: ஒரு சாயப்பட்டறையில் நாங்கள் மாற்றிய விதம்

குழாய்கள் இணையும் இடத்தில் ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கும் அடைப்புதான் கேஸ்கெட். பெரும்பாலான சாயப்பட்டறைகளில் எந்தக் குழாய் லைனுக்கும் ஒரே சீட்தான். ஸ்டோரில் சுருட்டி வைத்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பேக்கிங் சீட்டை எடுத்து, ஃப்ளேஞ்ச் (குழாய் நுனியில் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) மேல் வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டினால் அளவு கிடைத்துவிடும். ஸ்டீம், காஸ்டிக் (காஸ்டிக் சோடாக் கரைசல்), தெர்மிக் ஆயில் (சூட்டைக் கொண்டுபோகும் எண்ணெய்) எல்லாவற்றுக்கும் அதேதான். பெருந்துறைப் பக்கம் ஒரு யூனிட்டில் நான் பராமரிப்புப் பொறுப்புக்கு வந்தபோது அங்கேயும் இதுதான் வழக்கம். அதை லைன் வாரியாக மாற்றிய அனுபவம் இது.

மாற்ற நினைத்ததற்கு முதல் காரணம் லீக் கூட இல்லை, தூசி. பழைய கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகச் சுரண்டுவார்கள். அந்த இழை நேராக நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. இந்தியாவில் கிரைசோடைல் வகைக்குத் தடை இல்லாததால் கடையில் சுலபமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான். இப்போது பழையதைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டு, பிளாஸ்டிக் கத்தியால் எடுத்து, பையில் கட்டிவிடுகிறோம்.

எங்கள் மூத்த ஃபிட்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க சார், இத்தனை வருசமா இதே சீட்டுத்தானுங்களே போடுறோம். நல்லாத்தானே நிக்குது?" என்றார். அவர் சொன்னது பாதி சரி. வாரம் முழுக்க நின்றது. ஞாயிறு பாய்லரை நிறுத்தி, திங்கள் காலை ஸ்டீம் திறக்கும்போதுதான் வரிசையாக ஒழுகியது. ஏன் என்று இரண்டு பேரும் லைன் ஓரமாக நடந்து பார்த்தோம். குழாய் குளிரும்போது சுருங்குகிறது, போல்ட்டின் பிடி குறைகிறது. சூட்டில் இறுகிப்போன கேஸ்கெட்டுக்கு அந்த அசைவோடு சேர்ந்து விரிய முடியவில்லை. ஓடும்போது உள்ள சூட்டை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது, எத்தனை தரம் சூடாகி ஆறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் எங்களுக்குப் பிடிபட்டது.

அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு வியாபாரியிடம் போனோம். "எத்தனை இன்ச்சுங்க?" என்று ஆரம்பித்தவரிடம், உள்ளே என்ன ஓடுகிறது, எவ்வளவு சூடு, எவ்வளவு பிரஷர், எந்த வகை ஃப்ளேஞ்ச் என்று நாங்களே எழுதி எடுத்துப்போன தாளைக் கொடுத்தோம். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் சீட் ஒன்றைக் காட்டினார். அதன் தாளில் ஒரு பெரிய வெப்பநிலையும் ஒரு பெரிய பிரஷரும் அச்சிட்டிருந்தது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் தாங்கும் அளவு இல்லை. சூடு ஏற ஏறத் தாங்கும் பிரஷர் குறையும். அதற்கான வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் முடிவெடுத்தோம்.

எங்கள் மெயின் ஸ்டீம் லைன் 10 பார், அதாவது கிட்டத்தட்ட 184 டிகிரி. ஃபைபர் சீட்டைப் பிணைக்கும் ரப்பர் அந்தச் சூட்டில் நாளடைவில் மொறுமொறுப்பாகிவிடும். அதனால் அங்கே எஃகுத் தகடு உள்ளே வைத்த கிராஃபைட் போட்டோம். தெர்மிக் ஆயில் 250 டிகிரியில் ஓடுகிறது. அங்கே விலை பார்க்கவே கூடாது. லீக்கான எண்ணெய் கீழே சொட்டாமல் சூடு வெளியேறாமல் இருக்க மேலே சுற்றிய இன்சுலேஷன் கம்பளியில் ஊறி, அதற்குள்ளேயே தீப்பிடிக்கும். கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வூண்ட் (உலோக நாடாவைச் சுருளாகச் சுற்றிய) கேஸ்கெட் போட்டு, ஃப்ளேஞ்ச் இருக்கும் இடத்தில் மட்டும் கம்பளி சுற்றாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விட்டோம்.

ஆனால் கிராஃபைட்டை எல்லா இடத்திலும் போட்டுவிட முடியாது. துணி வெளுக்கும் 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி வலுவான ஆக்சிஜனேற்றிகளோடு அது சேரக் கூடாது. அந்த லைனுக்கு டெஃப்லான். டெஃப்லானிலும் ஒரு சங்கதி உண்டு: அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து மெலியும், போல்ட் தளரும். அதைத் தடுக்க உள்ளே ஏதாவது கலந்து விற்கிறார்கள். கண்ணாடி இழையோ சிலிகாவோ கலந்தது காஸ்டிக்குக்கு ஆகாது, காஸ்டிக் அவற்றைத் தின்றுவிடும். பேரியம் சல்பேட் கலந்ததைக் கேட்டு வாங்கினோம். ஃபைபர் சீட்டில் உள்ள அராமிட் இழையையும் வலுவான காஸ்டிக் விட்டுவைக்காது.

ரப்பரிலும் இதே கதைதான். வெந்நீருக்கும் ஸ்டீமுக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் அருமை, எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) இடத்தில் ஒட்டிவைக்க ஃபிட்டர்கள் சாதாரண கிரீஸ் தடவுவார்கள், அதுவே அதைக் கெடுக்கப் போதும். அதற்காக சிலிகோன் கிரீஸ் டப்பா தனியாக வாங்கி வைத்தோம். விலை அதிகம் என்பதற்காக விட்டான் என்ற ரப்பரை எங்கும் போடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எண்ணெய்க்கு அது நல்லது, ஸ்டீமிலும் காஸ்டிக்கிலும் சாதாரண விட்டான் நிற்காது.

பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் மாட்டுவதில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். தடிமன் கூடினால் நன்றாக அடைக்கும் என்று நம்பி 3 மில்லிமீட்டர் கேட்பார்கள். ஃப்ளேஞ்ச் முகம் நன்றாக இருந்தால் 1.5 தான் நல்லது. தடிமனான சீட் எளிதில் பிதுங்கும், உள் பிரஷர் தள்ளும் பரப்பும் கூடும். துருப்பிடித்த போல்ட் இன்னொரு எதிரி. ஸ்பேனரில் கொடுக்கும் பலத்தில் சுமார் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுக்கிறது, மிச்சமெல்லாம் உராய்வுக்கே போகிறது. மரையில் துரு இருந்தால் அந்த 10-ம் குறையும். எனவே போல்ட்டுக்கு எண்ணெய் தடவு, கேஸ்கெட்டுக்கு ஒன்றும் தடவாதே என்பது எங்கள் விதி. எதிரெதிராக, மூன்று சுற்றில் படிப்படியாக முடுக்கி, கடைசியில் ஒரு வட்டம். ஃபைபர் சீட் சூடாகிய பிறகு மறுபடி முடுக்கவே கூடாது, விரிசல் விட்டுவிடும். பம்ப்பின் வார்ப்பிரும்பு ஃப்ளேஞ்ச் தட்டையாக இருந்தால், போல்ட் துளைகளையும் மூடுகிற முழு கேஸ்கெட்தான் போட வேண்டும். இல்லையென்றால் ஃப்ளேஞ்சின் காது உடையும்.

ஃபிட்டர் அண்ணன் இப்போது ஒவ்வொரு கேஸ்கெட்டிலும் லைன் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி ஆணியில் தொங்கவிடுகிறார். அடுத்து எடுத்திருப்பது துணிக்குச் சாயம் ஏற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினின் கதவு சீல். பாலியெஸ்டர் ஓட்டும்போது 130 டிகிரி வரும். ஈபிடிஎம் என்று மட்டும் எழுதி ஆர்டர் போட்டால் கந்தகத்தில் வேகவைத்ததையும் (ரப்பரை இறுக்கிப் பதப்படுத்துவதைத்தான் வேகவைப்பது என்கிறோம்) அனுப்பலாம், அது சுமார் 120 வரைதான் தாங்கும். பெராக்சைடில் வேகவைத்தது 150 வரை போகும். பார்க்க இரண்டும் ஒரே கறுப்பு. ஆர்டரிலேயே எழுதி, சான்றிதழோடு கேட்டிருக்கிறோம்.