கடைசிப் புள்ளிக்குப் பின்னால்: கோப்பு நீட்டிப்பு மெத்தட்களை எழுதிப் பார்த்த அனுபவம்

ஓய்வு நேரங்களில் நான் எழுதிவரும் சிறு நிரல்மொழியின் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் (மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல் தொகுப்பில்), கோப்பு நீட்டிப்பை, அதாவது பெயரின் கடைசியில் 'பிடிஎஃப்' போல வரும் வகைக்குறிப்பைக் கையாளும் மெத்தட்களை (பெயர் சொல்லி அழைக்கும் சிறு நிரல் துண்டுகளை) சேர்க்கும் வேலை இப்போது ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. நீட்டிப்பை எடுத்துத் தருவதற்கும், மாற்றுவதற்கும், கூடுதலாக ஒட்டுவதற்கும், ஒப்பிடுவதற்கும் தனித்தனி மெத்தட்கள் உள்ளன.

தொடங்குமுன் மற்ற மொழிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தேன். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதே நீட்டிப்பு என்பதில் அவற்றுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தில் மறைகோப்புகளின் பெயர் புள்ளியில்தான் தொடங்கும். அந்தப் பெயர் முழுவதையுமே கோ மொழி நீட்டிப்பு என்கிறது, பைதானோ 2.6ஆம் பதிப்பிலிருந்து அதற்கு நீட்டிப்பே இல்லை என்கிறது. பைதானும் சி++17உம் புள்ளியையும் சேர்த்துத் தருகின்றன. ரஸ்ட் புள்ளியை விட்டுவிடுகிறது. நான் ரஸ்டின் வழியை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் 'புள்ளி இருக்கிறது, பின்னால் ஒன்றும் இல்லை' என்பதையும் 'புள்ளியே இல்லை' என்பதையும் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை), இன்மை (விடையே இல்லை) என இரு வேறு விடைகளாகத் தர அதில் இடம் உண்டு.

பழைய ஃபேட் கோப்பு முறையில் பெயருக்கு 8 எழுத்தும் நீட்டிப்புக்கு 3 எழுத்தும் தனித்தனியாக ஒதுக்கப்பட்டிருந்தன. இடையிலுள்ள புள்ளி வட்டில் எழுதப்படவே இல்லை. யூனிக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குப் புள்ளி என்பது பெயரில் வரும் இன்னோர் எழுத்து, அவ்வளவே. ஆகவே இன்று எந்த லைப்ரரி நீட்டிப்பைப் பிரித்தாலும், அது பெயரைப் பார்த்துச் செய்யும் ஊகம்தான்.

இந்த ஊகம் எங்கே உடைகிறது என்பதை தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான எங்கள் கொழிஞ்சாம்பாறையிலேயே பார்க்க முடிந்தது. சித்தூர் தாலுகாவில் தமிழ், மலையாளம் இரண்டும் புழங்குவதால், இங்குள்ள டிடிபி கடையின் கணினியில் ஒரே ஃபோல்டரில் இரு மரபுப் பெயர்களும் கலந்து கிடக்கும். தமிழ் வாடிக்கையாளர் 'எஸ்.முருகன்' என்று இனிஷியலை முன்னால் எழுதுகிறார். மலையாள வழக்கத்தில் அதே பெயர் 'முருகன்.எஸ்' ஆகிறது. இப்படி நீட்டிப்பே இல்லாமல் பெயரிட்ட கோப்பிடம் நீட்டிப்பைக் கேட்டால், முதலாமவரிடம் 'முருகன்' என்றும் இரண்டாமவரிடம் 'எஸ்' என்றும் விடை வருகிறது. அந்த நீட்டிப்பை பிடிஎஃப் என்று மாற்றச் சொன்னால் நிலைமை இன்னும் மோசம்: எஸ்.முருகன், எஸ்.கண்ணன், எஸ்.லட்சுமி மூவரும் 'எஸ்.பிடிஎஃப்' என்ற ஒரே பெயருக்கு வந்து சேர்ந்து, ஒருவர் கோப்பின் மேல் மற்றவர் கோப்பு எழுதப்பட்டுவிடும்.

ஆங்கில எழுத்தில் எண்ணி நான்குக்கு மேற்பட்டால் அது நீட்டிப்பு இல்லை என்று விதி வைக்கலாமா என யோசித்தேன். தமிழ் முறைப் பெயர்களில் பெரும்பாலானவை அதனால் தப்பிவிடும், மலையாள முறைப் பெயர்கள் தப்பாது. எல்லையின் ஒரு பக்கத்துக்கு மட்டும் சரியாக நடக்கும் விதியை லைப்ரரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடை நடத்தும் அக்காவிடம் இந்தப் பெயர்களைக் காட்டிக் கேட்டபோது, "பேர்ல கை வைக்காதீங்க தம்பி, வேணும்னா பின்னாடி ஒட்டிக்குங்க" என்றார். ரஸ்டிலும் மாற்றுவதற்கு ஒன்று, ஒட்டுவதற்கு வேறொன்று என இரு மெத்தட்கள் இருக்கின்றன. என் மொழியின் ஆவணத்தில் ஒட்டும் மெத்தடையே முதலில் வைத்து, மாற்றும் மெத்தடின் விளக்கத்தில் இனிஷியல் பெயரையே எச்சரிக்கை உதாரணமாகக் கொடுத்திருக்கிறேன்.

ஒப்பிடும் மெத்தட், கேமராக்கள் பெரிய எழுத்தில் தரும் ஜேபிஜியையும் சிறிய எழுத்து ஜேபிஜியையும் ஒன்றாகக் கொள்ளும். இந்தச் சமன்பாட்டை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டேன். துருக்கி மொழி அமைப்பில் பெரிய 'ஐ' (I) எழுத்து புள்ளியில்லாத சிறிய எழுத்தாக மாறுவதால், அந்த ஊர்க் கணினியில் ஜிஃப் கோப்பு அடையாளம் தெரியாமல் போகக்கூடும்.

பைதானில் இருப்பதுபோல எல்லா நீட்டிப்புகளையும் பட்டியலாகத் தரும் மெத்தடை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. சுருக்கிய தொகுப்புக் கோப்புகளில் வரும் 'டார்.ஜிஸெட்' போன்ற இரட்டை நீட்டிப்புகளுக்கு அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் 'எஸ்.கே.முருகன்.பிடிஎஃப்' என்ற பெயரைக் கொடுத்தால் கே, முருகன், பிடிஎஃப் என மூன்று நீட்டிப்புகள் அதிலிருந்து வரும். தேவைப்படுபவர், தாம் எதிர்பார்க்கும் இரட்டை நீட்டிப்பில் பெயர் முடிகிறதா என்று நேரடியாகச் சோதித்துக்கொள்ளலாம்.